‘பின்தங்கு’வுக்கு ‘முன்தங்கு’ ஏன் இல்லை?

கேள்வி: ‘பிந்து’வுக்கு எதிர்ச்சொல் ‘முந்து’. அப்படியென்றால் ‘பின்தங்கு’வுக்கு ‘முன்தங்கு’ என்று எழுதினால் என்ன தவறு?

பதில்: ‘பின்தங்கு’வில் வினை ‘தங்கு’தான்; கூட வந்தவர்கள் போய்விட, ஒருவர் மட்டும் நின்றுவிடுவது. முன்னே போகிறவர் எங்கே தங்குகிறார்? ‘பின்’னை ‘முன்’னாக்கினால் போதாது, வினையும் மாற வேண்டும். ஓட்டத்தில் ‘முந்து’, படிப்பிலும் தொழிலிலும் ‘முன்னேறு’.

‘பின்வாங்கு’வும் இந்த ரகம்தான். படை பின்வாங்கியது என்பதற்கு எதிர், முன்னேறியது. உதவி செய்வதில் என்றால், முன்வந்தார். கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கவில்லை என்றால், வாக்கில் நின்றார்.

பலரும் சறுக்குவது ‘பிற்படு, முற்படு’ ஜோடியில். ‘பிற்பட்ட காலம், முற்பட்ட காலம்’ நேர் எதிராக நிற்கும். ஆனால் ‘பேச முற்பட்டார்’ என்றால் பேச முயன்றார் என்று பொருள். அதைத் திருப்பிப் ‘பேசப் பிற்பட்டார்’ என்று எழுதினால் தமிழே இல்லை.

கேள்வி: ‘தளர்’ என்பதற்குச் சரியான எதிர்ச்சொல் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

பதில்: ஒன்றில் அடங்காது. தளர்ந்தது எது என்று முதலில் பாருங்கள். முடிச்சு தளர்ந்தால் எதிர் ‘இறுகியது’. விதி தளர்ந்தால் ‘கடுமையானது’. மனம் என்றால் ‘திடப்பட்டது’. காய்ச்சலில் தளர்ந்த உடல் ‘தேறியது’.

‘தேறு’வைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள். முன்பு நலிந்திருந்த சேதி அதற்குள்ளேயே இருக்கிறது. நோய்நொடி இல்லாதவரைப் பார்த்து “நல்லா தேறிட்டீங்க” என்று சொன்னால், “எனக்கு என்ன ஆச்சு?” என்றுதான் கேட்பார். ‘வலு’வுக்கு அந்தச் சிக்கல் இல்லை: மழையும் எதிர்ப்பும் வலுக்கும், புயல் வலுப்பெறும், பிறகு வலுவிழக்கும். நலிந்த தொழிலுக்கு ‘தழைத்தது’ போதும்.

கேள்வி: ‘தளராமை’ எதிர்ச்சொல் ஆகாதா?

பதில்: அது எதிர்மறை வடிவம். தளராத பிடி இருந்தபடியே இருக்கிறது. இறுகும் பிடியோ கூடிக்கொண்டே போகிறது. திருக்குறளில் 60ஆம் அதிகாரம் ‘ஊக்கமுடைமை’, 61ஆவது ‘மடியின்மை’. சோம்பல் இல்லாததும் ஊக்கம் இருப்பதும் ஒன்றேயானால் அடுத்தடுத்து இரண்டு அதிகாரம் எதற்கு?