ரயில் பாதுகாப்புக்கு அரசாங்கம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? டிக்கெட் காசு போதாதா?

போதாது. என் அப்பா மலேசியாவில் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ரயில்வே கேட் காவலாளியாக இருந்தவர். போன் மணி அடித்ததும் குடித்துக்கொண்டிருந்த தேநீரை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போய்க் கேட்டை இழுத்துச் சாத்துவார். பாதி சாத்தும்போதே இரண்டு மோட்டார் சைக்கிள்களாவது குனிந்து நுழைந்துவிடும். அவர் திட்டி முடித்துத் திரும்புவதற்குள் தேநீர் ஆறியிருக்கும்.

அந்தக் கேட் இப்போது இல்லை. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டருக்கு மின்சார இரட்டைப் பாதை போட்டபோது, அரசாங்கச் செலவில் கேட்டுகளை எடுத்துவிட்டு மேம்பாலங்கள் கட்டினார்கள். அந்தப் பாலத்தில் போகும் லாரிக்காரர் ரயில் டிக்கெட் வாங்குவதில்லை, ஆனால் காப்பாற்றப்படுவது அவர் உயிரும்தான். அதை ரயில் பயணியின் தலையில் கட்டுவது எந்த நியாயம்? மேலும் இங்கே தண்டவாளம் ரயில்வே சொத்துக் கழகத்துடையது, அதாவது அரசாங்கத்துடையது. கேடிஎம் ரயில் நிறுவனம் அதன்மேல் ரயில் ஓட்டுகிறது, அவ்வளவே.

அமெரிக்காவில் சரக்கு ரயில்பாதைகள் பெரும்பாலும் தனியார் சொத்து. அங்கேயும் கேட் பாதுகாப்புக்கு 1973 முதல் மத்திய அரசு நிதி தருகிறது. 2021 உள்கட்டமைப்புச் சட்டம் கேட்டுகளை ஒழிப்பதற்கென்றே ஐந்து ஆண்டுகளுக்கு 3 பில்லியன் டாலர் ஒதுக்கியது. பணம் தராமல் கட்டளை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். 2008 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில், சிவப்பு சிக்னலைத் தாண்டிய பயணிகள் ரயில் சரக்கு ரயிலில் மோதி 25 பேர் இறந்தார்கள். ரயிலைத் தானாகவே நிறுத்தும் கருவி அடுத்த மாதமே சட்டப்படி கட்டாயமானது. கெடு 2015. செலவு பெரும்பாலும் ரயில் நிறுவனங்கள் தலையில் விழுந்தது, புறநகர் ரயில்கள் பணத்துக்குத் திண்டாடின. வேலை முடிந்தது 2020 இறுதியில்.

கருவி மட்டும் இருந்தாலும் போதாது. 2021 மே 24 அன்று கோலாலம்பூரில் கேஎல்சிசி நிலையம் அருகே மோதி 213 பேர் காயமடைந்த எல்ஆர்டி நகர ரயில், ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ரயில்தான். அன்று பயணிகள் இல்லாத ஒரு ரயிலை ஆள் வைத்து ஓட்டிவந்தார்கள், அதுதான் பயணிகள் ரயிலோடு மோதியது. பயிற்சிக்கும் பணம் வேண்டும். ஆனால் அதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

மேம்பாலத்தில் காரில் போகும்போதெல்லாம் அப்பா கீழே எட்டிப் பார்ப்பார். போன மாதம் வண்டியை நிறுத்தச் சொன்னார். தண்டவாளத்து ஓரக் கம்பிவேலியை யாரோ ஆள் நுழையும் அளவுக்கு வெட்டியிருந்தார்கள். "பாலம் ஒரு தடவைச் செலவு," என்றார். "இந்த வேலிக்கு வருஷா வருஷம் யார் காசு கொடுப்பது?"