எண்ணைத் தடை செய்தேன். வேறு எண்ணில் வருகிறார்

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செந்தூல், கோலாலம்பூர்):

தைப்பூசத்தன்று பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் வைக்க எங்கள் வட்டார இளைஞர்கள் ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு அமைத்தார்கள். அதிலிருந்து என் எண்ணை எடுத்துக்கொண்ட ஒருவர் முதலில் காலை வணக்கமும் சாமி படங்களும் அனுப்பினார். பிறகு முகநூலில் நட்புக் கோரிக்கை வந்தது; நான் ஏற்கவில்லை. என் பழைய படங்களின் கீழ் கருத்து எழுதத் தொடங்கியதும் அவரைத் தடை செய்தேன். வேறு பெயரில் கணக்குத் திறந்து வந்தார்; அதையும் தடை செய்தேன். சென்ற வாரம் புதிய எண் ஒன்றிலிருந்து, "நேற்று எல்ஆர்டி ரயில் நிலையத்தில் நீல நிறப் பஞ்சாபி உடையில் பார்த்தேன்" என்று எழுதியிருந்தார். எண்ணை மாற்றி, முகநூலையும் மூடிவிடு என்கிறார் அம்மா. நேரில் போய்ப் பேசுகிறேன் என்கிறார் அண்ணன். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

உங்கள் கடிதத்தின் கடைசிச் செய்தி இல்லாதிருந்தால் முகநூல் அமைப்புகளைப் பற்றியே எழுதியிருப்பேன். நீங்கள் எந்த நிலையத்தில், எந்த உடையில் நின்றீர்கள் என்று ஒருவர் எழுதும்போது, காரியம் கைத்தொலைபேசியை விட்டு வெளியே வந்துவிட்டது. ஆகவே இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திராமல் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள் என்று தனி மடலில் முன்பே எழுதிவிட்டேன். பின்தொடர்ந்து தொல்லை தருவது நம் நாட்டில் 2023 மே 31 முதல் தனிக் குற்றம். தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவு அதற்கு 3 ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. பின்னால் வருவது, வீட்டருகிலோ வேலையிடத்திலோ சுற்றித் திரிவது, எந்த வழியிலேனும் தொடர்புகொள்ள முயல்வது ஆகியவை இரண்டு முறையாவது நடந்து, பாதிக்கப்பட்டவரை அச்சத்துக்கோ மன உளைச்சலுக்கோ ஆளாக்கக்கூடியவையாக இருந்தால் அப்பிரிவின் கீழ் வரும். விசாரணையின்போது உங்களுக்குப் பாதுகாப்பு ஆணை கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பிக்கவும் காவல் அதிகாரிக்கு வழியுண்டு. அண்ணன் உடன் வரட்டும். ஆனால் காவல் நிலையத்துக்கு மட்டும். அவர் நேரில் போய்ப் பேசி அது கைகலப்பில் முடிந்தால், நாளை புகார் கொடுப்பவர் அந்த மனிதராக இருப்பார்.

செல்வதற்கு முன் சான்றுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புலனத்தில் ஒருவரைத் தடை செய்தாலும் பழைய உரையாடல் உங்கள் தொலைபேசியில் அப்படியே இருக்கும், எரிச்சலில் அழித்துவிடாதீர்கள். எண்ணும் நாளும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முகநூல் கணக்கென்றால் பெயரை மட்டும் குறித்துக்கொள்வது போதாது, பெயரை எவரும் மாற்றிவிடலாம். கணக்கின் முழு இணைய முகவரியையும் எழுதி வையுங்கள். நீங்கள் தடை செய்தவரின் கருத்துகள் இப்போது உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். அவற்றை எடுப்பதற்காகத் தடையை நீக்கிவிடாதீர்கள்: முகநூலில் ஒருவருக்கான தடையை நீக்கினால் மறுபடியும் தடை செய்ய 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அக்கருத்துகளைப் பார்த்த தோழியர் யாரேனும் இருந்தால் அவர்கள் பக்கத்திலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். "எனக்கு விருப்பமில்லை, இனித் தொடர்புகொள்ள வேண்டாம்" என்று நீங்கள் ஒருமுறையேனும் எழுதியிருந்தால் அதுவும் சான்றே. எழுதியிராவிட்டால், இந்த நிலையில் புதிதாகப் பதில் அனுப்புவதைக் காவல் அதிகாரியைக் கேட்டுச் செய்யுங்கள்.

அம்மாவின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் தொல்லை கொடுத்தவர் நிம்மதியாக இருக்க, தொல்லைப்பட்டவர் ஊரைவிட்டு ஒதுங்குவதுபோல் ஒதுங்குவதை நான் முதல் வழியாகச் சொல்லமாட்டேன். மேலும், புது எண் வாங்கி அதே குழுவில் சேர்ந்தால் அதுவும் நாலு நாளில் அவர் கைக்குப் போய்விடும். தடை செய்யப்பட்டவர் பொதுவான புலனக் குழுவில் நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே குழுவை விட்டு விலகுங்கள்; சுயவிவரப் படம், கடைசியாக வந்த நேரம் ஆகியவற்றை உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் காட்டுங்கள்; உங்களைக் கேட்காமல் பிறர் குழுக்களில் சேர்ப்பதையும் அமைப்புகளிலேயே கட்டுப்படுத்துங்கள். முகநூலில், தொலைபேசி எண்ணைக் கொண்டு உங்களைத் தேடுவோர் யார் என்பதை 'நான் மட்டும்' என மாற்றி, பழைய பதிவுகள் அனைத்தையும் ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டுமாகச் சுருக்கிவிடலாம்.

குழு அமைத்த இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கே உரியது; தண்ணீர்ப் பந்தல் குழுவில் எண்கள் கைமாறுவதை அது வந்து தடுக்காது. ஒரு பெண் பால் பாக்கெட்டும் குவளையும் அடுக்க வந்தாள் என்பதற்காக அவளுடைய எண்ணை முன்பின் அறியாத நூறு பேர் பார்க்க வேண்டுமா? செய்தி மட்டும் சொல்ல வேண்டியிருந்தால் புலனத்தின் ஒலிபரப்புப் பட்டியல் போதும். பெறுபவர்கள் அனுப்புநரின் எண்ணைச் சேமித்திருக்க வேண்டும் என்பதைத் தவிர அதில் சிரமமில்லை. ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, பட்டர்வொர்த், பினாங்கு):

சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் முகநூலில் நட்புக் கோரிக்கை அனுப்பியுள்ளார். எங்கள் வீட்டு விஷயம் எதைப் பார்த்தாலும் நாலு பேரிடம் சொல்லிவிடுவார். மறுத்தால் மரியாதைக் குறைவாகுமோ?

பதில்:

ஆகும் என்று அவர் நினைத்தால் உங்களால் தடுக்க முடியாது, அம்மா. ஏற்றுக்கொண்டு, உடனே அவரை 'கட்டுப்படுத்தப்பட்டோர்' பட்டியலில் சேர்த்துவிடுங்கள். நட்பில் இருப்பார், ஆனால் நீங்கள் பொதுவில் இடுவதும் அவரைக் குறிச்சொல்லிட்டு (டேக் செய்து) இடுவதும் மட்டுமே அவர் கண்ணில் படும், பட்டியலில் சேர்த்த செய்தியும் அவருக்குப் போகாது. உங்கள் மருமகள் உங்களைக் குறிச்சொல்லிட்டு ஏற்றும் படங்கள் மட்டும் இதற்குள் அடங்கமாட்டா; அவை மருமகளின் அமைப்புகளைப் பொறுத்தவை. மருமகளிடம் நேரில் பேசிவிடுங்கள்.