குரல் இன்றையது, முகம் அன்றையது

கேள்வி: அனிமேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டிஸ்னி ஸ்டுடியோ எப்படி மீண்டெழுந்தது என்பதைச் சொல்லும் 'வேக்கிங் ஸ்லீப்பிங் பியூட்டி' ஆவணப்படத்தை அடுத்த வாரம் திரையிடுகிறார்கள். படம் முடிந்ததும் அதில் வேலை செய்த ஒருவருடன் கலந்துரையாடலும் உண்டாம். 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்', 'தி லயன் கிங்' எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த ஸ்டுடியோவின் உள்விவகாரம் ஒன்றும் தெரியாது. என்ன பார்த்துவிட்டுப் போகலாம்? என்ன கேட்கலாம்?

பதில்: இந்தப் படத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பழங்கதை பேசுபவர்கள் யாரும் கிடையாது. ஏறக்குறைய 86 நிமிடமும் பழைய வீடியோ, வீட்டுக் கேமராவில் எடுத்த காட்சிகள், செய்தித் துணுக்குகள், அனிமேட்டர்கள் தங்கள் மேலதிகாரிகளை வாரி வரைந்த கேலிச்சித்திரங்கள்தான். குரல் மட்டும் பிற்காலத்தில் பதிவானது. அதனால் முதல் இருபது நிமிடத்தில் பலருக்கு யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்பதே குழம்பிவிடும். போவதற்கு முன் ஆறு முகங்களைப் படத்தில் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். 1984-ல் நிறுவனத் தலைமைக்கு வந்த மைக்கேல் ஐஸ்னர், அவருடன் வந்த பிராங்க் வெல்ஸ், ஸ்டுடியோ பொறுப்பை ஏற்ற ஜெஃப்ரி கட்ஸன்பெர்க், வால்ட் டிஸ்னியின் அண்ணன் மகன் ராய் ஈ. டிஸ்னி, நாடக உலகிலிருந்து வந்து அனிமேஷன் பிரிவை நடத்திய பீட்டர் ஷ்னைடர், பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மன். இவ்வளவு போதும், மற்றவர்கள் தாமாகப் பிடிபடுவார்கள்.

உங்களுக்கு மனப்பாடமான வெற்றிப் படங்களைத் திரும்பப் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் என்றால் 1985-ல் வந்த 'தி பிளாக் கால்ட்ரன்' பாருங்கள். 4 கோடியே 40 லட்சம் டாலர் செலவழித்து, அமெரிக்காவில் அதில் பாதியைக்கூட வசூலிக்காத படம். அதே ஆண்டில் வேறு நிறுவனம் மிகக் குறைந்த செலவில் எடுத்த 'தி கேர் பேர்ஸ் மூவி' என்ற கரடிப் பொம்மைப் படம் அதைவிட அதிகம் சம்பாதித்தது. விழுந்த ஆழம் தெரியாமல் எழுந்த உயரத்தை எப்படி அளப்பது?

அதன் கடைசிப் பகுதியில், கொப்பரையிலிருந்து பிணப்படை எழும் இடத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். பின்னணி இசை ஓரிடத்தில் தாவும். முடிந்த படத்திலிருந்து சுமார் 12 நிமிடத்தை வெட்டச் சொன்னார் கட்ஸன்பெர்க். நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் ஒரே காட்சியைப் பல கோணத்தில் எடுத்திருப்பார்கள், வெட்டினால் ஒட்டுப்போட வேறு ஷாட் இருக்கும். அனிமேஷனில் உபரி என்று ஒன்று இல்லை, வரைந்தது மட்டுமே கையிருப்பு. எடிட்டிங் எல்லாம் ஸ்டோரி ரீலிலேயே, அதாவது கதைப் படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்க்கும் கட்டத்திலேயே, முடிந்துவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அது ஏன் என்று இந்தத் தாவல் காட்டிக்கொடுத்துவிடும்.

இதன் மறுபக்கம் 'தி லிட்டில் மெர்மெய்ட்' (1989). பாதி முடிந்த நிலையில் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டியபோது, கதாநாயகி தன் ஆசையைச் சொல்லும் 'பார்ட் ஆஃப் யுவர் வேர்ல்ட்' பாட்டில் பிள்ளைகள் நெளிந்தார்கள். பாட்டையே தூக்கிவிடலாம் என்றார் கட்ஸன்பெர்க். ஆஷ்மனும் அந்தக் காட்சியை அனிமேட் செய்த கிளென் கீனும் விடவில்லை. சிக்கல் பாட்டில் இல்லை. அந்தப் பகுதி அப்போது வெறும் பென்சில் கோடுகளாகத்தான் இருந்தது. மெதுவான பாட்டு, அசைவும் குறைவு, வண்ணமும் இல்லை என்றால் ஐந்து வயதுப் பிள்ளை எதைப் பார்த்துக்கொண்டிருக்கும்? வண்ணம் ஏறிய பிறகு அதே பாட்டு நின்றது. இசைநாடகத்தில் நாயகியின் 'எனக்கு வேண்டும்' பாட்டு எங்கே வர வேண்டும், ஏன் வர வேண்டும் என்று ஆஷ்மன் அனிமேட்டர்களிடம் பேசும் பழைய காட்சியும் ஆவணப்படத்தில் உண்டு. அது வரும்போது குறிப்பேட்டை மூடிவிட்டுக் கவனியுங்கள்.

இன்னொரு பொக்கிஷம், அனிமேட்டர் ராண்டி கார்ட்ரைட் 1980-ல் ஸ்டுடியோவைச் சுற்றிக் காட்டும் வீட்டுக் கேமராக் காட்சிகள். கேமரா பிடித்தவர், பின்னாளில் 'டாய் ஸ்டோரி'யை இயக்கிய ஜான் லாசெட்டர்! பின்னாளில் பிரபல இயக்குநரான டிம் பர்ட்டனும் இந்த ஆவணப்படத்தில் இளைஞராகத் தலைகாட்டுவார். எல்லோரும் அந்த முகங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீங்கள் மேசைகளைப் பாருங்கள். சுழலும் வட்டத் தட்டு, அடியில் விளக்கு, காகிதம் நழுவாமல் பிடிக்கும் பெக், விரலிடுக்கில் காகிதங்களைப் புரட்டி அசைவைச் சரிபார்க்கும் கை. இந்த மேசைகளோடுதான் 1985-ல் அவர்களை பர்பாங்க் தலைமை வளாகத்திலிருந்து கிளெண்டேலில் இருந்த கிடங்குக் கட்டிடங்களுக்கு மாற்றினார்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். படத்தை இயக்கி, கதை சொல்பவர் டான் ஹான். 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்', 'தி லயன் கிங்' இரண்டின் தயாரிப்பாளரும் அவரே. உடன் தயாரித்தவர், மேலே சொன்ன அதே ஷ்னைடர். ஆக, வீட்டுக்காரர்களே சொல்லும் வீட்டுக் கதை. சண்டைகளை ஒளிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் 1984-ல் தொடங்கி 1994-ல் முடிப்பது அவர்கள் போட்ட சட்டகம். அதற்கு வெளியேயும் காரணங்கள் இருக்கின்றன. 1975 முதல் கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கலைக் கல்லூரியின் கதாபாத்திர அனிமேஷன் வகுப்பில் பயின்ற இளைஞர்கள், புதிய நிர்வாகம் வருவதற்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். 1979-ல் டிஸ்னி அனிமேட்டர் டான் புளூத் ஒரு கூட்டத்தையே அழைத்துக்கொண்டு வெளியேறியதும் அந்த இளையவர்களுக்கு இடம் கொடுத்தது. மேலதிகாரிகள் வந்தார்கள், கலைஞர்கள் விழித்தார்கள் என்று மட்டும் புரிந்துகொண்டு வராதீர்கள்.

இனி அரங்கம். பழைய வீடியோவைப் பெரிய திரையில் போட்டால் முன்வரிசையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடைபாதை ஓர இருக்கையாகப் பிடியுங்கள். மைக்கும் அங்கே சீக்கிரம் வரும். இருட்டில் குறிப்பெடுக்க கைபேசி வேண்டாம், வெளிச்சம் பின்னால் இருப்பவரை உறுத்தும். உள்ளங்கை அளவு நோட்டு, பென்சில், ஒரு பக்கத்துக்கு ஒரே குறிப்பு, பெரிய எழுத்து. இல்லையென்றால் வரிமேல் வரி ஏறி, வெளியே வந்து பார்த்தால் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது.

கேள்வியை வீட்டிலேயே எழுதி, வாய்விட்டுப் படித்து, இருபது விநாடிக்குள் அடக்குங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் நூறு மேடையில் சொன்ன பதிலே வரும். "இன்றைய முகம் எதையும் காட்டுவதில்லை என்ற முடிவால், படம்பிடித்த ஆதாரம் இல்லாமல் விட்டுவிட நேர்ந்த சம்பவம் ஏதாவது உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் யோசித்தாக வேண்டும். இன்னொன்றும் கைவசம் இருக்கட்டும், முதல் கேள்வியை வேறு யாராவது கேட்டுவிடுவார்கள். 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' 1991 நியூயார்க் திரைப்பட விழாவில் முழுதும் முடியாமலே திரையிடப்பட்டது. எந்தெந்தக் காட்சிகளைக் கோட்டோவியமாகவே விட்டுக் காட்டினார்கள், யார் முடிவு செய்தார்கள் என்று கேட்கலாம். 1994-ல் வெல்ஸ் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபின் யாருக்கு யாரோடு பகை என்பதை மட்டும் கிளறாதீர்கள். அதைக் கேட்கப் பத்துப் பேர் வருவார்கள்.

உங்கள் ஓவியக் கோப்பை அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வாசலில் நின்று ஐம்பது பக்கம் புரட்ட அவருக்கும் நேரமிருக்காது, பின்னால் நிற்பவர்களுக்கும் பொறுமை இருக்காது.