கேள்வி–பதில்: 8 எம்.எம். ரீலில் ஸ்டார் வார்ஸ்

கேள்வி: 1978 தொடக்கத்தில் லண்டனில் ஸ்டார் வார்ஸ் பார்த்தேன். ஆரம்பத்தில் மேலேறிப் போகும் எழுத்துகளில் ‘எபிசோட் 4’ என்று எதுவும் இருந்ததாக நினைவில்லை. எனக்கு மறதி என்கிறார்கள் பிள்ளைகள். – வாசகர், லண்டன்

பதில்: மறதி இல்லை. 1977 மே 25-ல் அமெரிக்காவில் வெளியான பிரிண்டில் அந்த வரி கிடையாது. 1981 ஏப்ரலில் படத்தை மறுபடி திரையிட்டபோதுதான் ‘எபிசோட் 4’ என்பதும் ‘எ நியூ ஹோப்’ என்ற துணைத் தலைப்பும் சேர்ந்தன. 1997 சிறப்புப் பதிப்பில் கணினி வரைகலைக் காட்சிகளும் நுழைந்தன. பிள்ளைகள் பார்த்து வளர்ந்தது பிந்தைய பதிப்பாக இருக்கும். வீட்டு புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்க விற்ற பழைய 8 எம்.எம். ஃபிலிம் ரீல்களுக்கு இன்றும் கிராக்கி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னால் செய்த திருத்தம் எதுவும் அவற்றில் ஏறவில்லை.

கேள்வி: அந்த ரீலில் படம் முழுவதும் இருக்குமா? – வாசகர், திருச்சி

பதில்: இருக்காது. படம் இரண்டு மணி நேரம். நியூ ஜெர்சி, ஃபோர்ட் லீயில் இருந்த கென் ஃபிலிம்ஸ் நிறுவனம் விற்றது 200 அடி ரீல், சுமார் எட்டு நிமிடத் துண்டு. கறுப்பு வெள்ளை மௌனம், வண்ண மௌனம், வண்ணத்தில் ஒலியோடு என்று வகைகள் உண்டு. 400 அடிப் பதிப்பும் வந்தது. இந்தப் படத்தின் வீடியோ கேசட் 1982-ல்தான் வந்தது என்பதை நினைவில் வைத்தால், எட்டே நிமிடத்துக்கு அன்று ஏன் அவ்வளவு மவுசு என்பது புரியும்.

நீளக் கணக்கு எளிது. இந்த ரீல்கள் சூப்பர் 8 என்ற 8 எம்.எம். வகை. அதில் ஓர் அடிக்கு 72 ஃபிரேம். ஒலிப்படம் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். ஆக ஓர் அடிக்கு 3 விநாடி, 200 அடிக்கு அதிகபட்சம் 10 நிமிடம். மௌனப் பிரிண்ட் 18 ஃபிரேமில் ஓடும். ஓர் அடிக்கு 4 விநாடி. விற்பவர் ‘முழுப் படம், ஒரே 200 அடி ரீல்’ என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய வண்ண ரீல் முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கிறது. சரிசெய்ய வழியுண்டா? – வாசகர், கோவை

பதில்: திரையில் சரிவராது. அந்தக் கால ஈஸ்ட்மேன் வண்ணப் பிரிண்டில் மூன்று சாயங்கள்: சயான், மஞ்சள், மெஜந்தா. முதல் இரண்டும், பெட்டிக்குள் இருட்டில் கிடந்தாலும், வெளிறிப்போகும். மிஞ்சுவது மெஜந்தா மட்டுமே. விண்வெளிப் படத்தில் இது இன்னும் துருத்திக்கொண்டு தெரியும், ஏனென்றால் பாதித் திரை கறுப்பு வானம். மூன்று சாயமும் சேர்ந்தால்தான் அந்தக் கறுப்பு வரும். இரண்டு போனபின் வானம் திராட்சைச் சாறு நிறத்துக்கு வந்துவிடும். லென்ஸ் முன்னால் வெளிர் சயான் ஃபில்டர் வைத்தால் சிவப்பு கொஞ்சம் அடங்கும், வெளிச்சமும் குறையும். இழந்த நிறத்தை ஓரளவு மீட்க வேண்டுமானால் ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்து கணினியில்தான் திருத்த வேண்டும்.

அடுத்த முறை வாங்குமுன் ரீலின் நடுப்பகுதியில் நாலைந்து ஃபிரேம்களை வெள்ளை வெளிச்சத்தின் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டைப் பெட்டியின் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். என்னைக் கேட்டால், சிவந்த வண்ணப் பிரிண்டைவிடக் கறுப்பு வெள்ளை மௌனப் பிரிண்டே மேல். அதிலிருப்பது வெள்ளி, சாயம் இல்லாததால் வெளுக்காது, விலையும் பெரும்பாலும் குறைவு. சேகரிப்பாளர்கள் பலர் அதை ஏளனமாகப் பார்ப்பது நமக்கு நல்லதுதான்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஒலி புரொஜெக்டரை 230-லிருந்து 110 வோல்ட் ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் போட்டேன். விளக்கு சரியாக எரிகிறது. வசனம் மட்டும் கனத்த குரலில் இழுத்துக்கொண்டு வருகிறது. பெல்ட் கோளாறா? – வாசகர், சென்னை

பதில்: பெல்ட்டைச் சந்தேகிக்குமுன் ஹெர்ட்ஸைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மாற்றும், அலைவெண்ணை மாற்றாது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. ஏ.சி. மோட்டார் உள்ள மெஷின் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுற்றும். 24 ஃபிரேம் 20 ஆகிவிடும், எட்டு நிமிட ரீல் 9 நிமிடம் 36 விநாடி ஓடும், குரல் சுருதி இறங்கும்.

சோதித்துப் பார்க்க, உங்களுக்குத் தேவைப்படாத ஃபிலிம் ஒன்றில் 20 அடி அளந்து இரு முனையிலும் மார்க்கரால் கோடு போடுங்கள். 24-ல் ஓட்டினால் இரண்டு கோட்டுக்கும் இடையில் 60 விநாடி ஆக வேண்டும். 72 விநாடி வந்தால் ஹெர்ட்ஸ்தான் காரணம். ஒருமுறை 65, மறுமுறை 70 என்று மாறினாலோ, இசை அலைபாய்ந்தாலோ, அப்போது பெல்ட் தளர்ந்திருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றுங்கள். சில மெஷின்களில் மோட்டார் கப்பி இரண்டு படியாக இருக்கும். பெல்ட்டைப் பெரிய படிக்கு மாற்றினால் வேலை முடிந்தது. ஒரே படி என்றால் 1.2 மடங்கு விட்டமுள்ள கப்பி வேண்டும்: இருப்பது 10 மி.மீ. என்றால் புதியது 12. லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து தருவார்கள். அச்சுத் துளை மையம் துளி விலகினாலும் இசையில் நடுக்கம் கேட்கும். டி.சி. மோட்டார் மெஷினுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

டிரான்ஸ்ஃபார்மரின் திறன் 500 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) இருக்கட்டும். மெஷினுக்கு 110-க்கு மேல் கொடுக்க வேண்டாம். 60 ஹெர்ட்ஸுக்கென்று சுற்றிய உள் டிரான்ஸ்ஃபார்மர் 50-ல் கூடுதலாகச் சூடாகும். ஹாலஜன் பல்பைத் துணியால் பிடித்தே மாட்டுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். ஒன்று மறக்கக்கூடாது: ரெக்கார்டிங் வசதியுள்ள மெஷினில் அந்தப் பொத்தான் அழுத்தியிருந்தால் பிரிண்டின் ஒலி அழிந்துபோகும்.

கேள்வி: படம் திடீரென்று குதித்து மேலும் கீழுமாக இழுபடுகிறது. ஓரிடத்தில் ஃபிலிம் அறுந்தும் விட்டது. – வாசகர், மதுரை

பதில்: குதிப்பது லூப் (லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் கடக்கும் வாயிலான கேட்டுக்கு மேலும் கீழும் ஃபிலிம் தளர்வாக வளைந்து நிற்கும் இடம்) போனதால். ஸ்பிராக்கெட் துளை கிழிந்திருக்கும், பழைய ஒட்டு பிரிந்திருக்கும், அல்லது ஃபிலிம் சுருங்கியிருக்கும். புதிய லீடர் (ரீலின் தொடக்கத்தில் ஒட்டும் வெற்று ஃபிலிம்) ஒன்றைப் பக்கத்தில் வைத்து 100 ஃபிரேமை ஒப்பிடுங்கள். ஒரு முழு ஃபிரேம், அதாவது 4 மி.மீ. அளவுக்குக் குறைந்தால் அந்த ரீலை ஓட்டவே வேண்டாம். கேட்டில் படிந்த அழுக்கை மரக் குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் பட்டால் அடுத்து ஓட்டும் ஒவ்வொரு ரீலிலும் கீறல் மழை பெய்யும்.

அறுந்ததை ஒட்டுமுன் ரீலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். ஒளி ஊடுருவினால் பாலியெஸ்டர். அதில் ஃபிலிம் சிமென்ட் பிடிக்காது, டேப்தான். இருட்டாகத் தெரிந்தால் அசிட்டேட், இரண்டும் ஒத்துவரும். வெட்டு ஃபிரேம் கோட்டில் விழட்டும். டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். ஒலி பதிவாகியிருக்கும் காந்தப் பட்டை உள்ள பக்கத்தில் பட்டையை மூடாமல் விட வேண்டும். மூடினால் ஒலியைப் படிக்கும் ஹெட் விலகி அந்த இடத்தில் ஒலி மங்கும். ஒலி படத்தைவிட 18 ஃபிரேம், முக்கால் விநாடி முன்னால் பதிவாகியிருக்கும். அதனால் வெட்டிய இடத்தில் ஒலி ஒருமுறையும் படம் ஒருமுறையும் தனித்தனியாகத் தாவும். அது உங்கள் ஒட்டின் குறை அல்ல.

கேள்வி: பெட்டியைத் திறந்தால் காடி வாடை. – வாசகர், புதுச்சேரி

பதில்: அசிட்டேட் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் விரட்டும், மற்ற ரீல்களையும் கெடுக்கும். உடனே தனியே பிரித்து, காற்றோட்டமான உறையில் வையுங்கள். வளையாமல் ஓடும் நிலையில் இருந்தால் இப்போதே ஸ்கேன் செய்துவிடுங்கள். சரியாக்க முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும். நல்ல ரீல்களுக்குக் குளிர்ச்சியும் 30 முதல் 50 சதவீத ஈரப்பதமும் வேண்டும். கடலோர ஊரில் சிலிக்கா ஜெல் இல்லாமல் முடியாது. ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள் காற்றுப் புகாத பையில் மூடி வையுங்கள்; எடுத்தபின் அறையின் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள், ஃபிலிம் வியர்த்துவிடும்.

கேள்வி: எவ்வளவு பெரிய திரை போடலாம்? – வாசகர், சேலம்

பதில்: புரொஜெக்டருக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை (மீட்டர்) 5.3-ஆல் பெருக்கி லென்ஸின் குவியத் தூரத்தால் (மி.மீ.) வகுத்தால் திரை அகலம். 4 மீட்டரில் 20 மி.மீ. லென்ஸுக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். 100 வாட் விளக்குக்கு ஒன்றரை மீட்டர் வரை போகலாம், அதற்கு மேல் போனால் விண்கலத்தைத் தேட வேண்டியிருக்கும்.