பெயர் இருக்கிறது, தேடினால் இல்லை: டேட்டாபேஸ் கேள்வி-பதில்

எங்கள் சங்க மென்பொருளில் உறுப்பினர் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. 'கோவிந்தன்' என்று தேடினால் சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. திரையில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. ஏன் சார்?
(கும்பகோணம் வாசகர்)

கண்ணுக்குத்தான் ஒரே மாதிரி. 'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு விதம். ககரம், ஏகாரக் கொம்பு, பின்னால் ஒரு கால் என்று மூன்றாக அடுக்குவது இன்னொன்று. திரை இரண்டையும் ஒன்றாகவே வரையும், டேட்டாபேஸ் வேறு வேறு சொல்லாகப் பார்க்கும். பெயர்களின் நீளத்தை எண்ணச் சொல்லிப் பாருங்கள்: முதல் விதத்தில் 'கோவிந்தன்' 9 குறிகள், இரண்டாவதில் 10. பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றிய தரவில் இது சகஜம்.

போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் 13ஆம் பதிப்பு முதல் இதற்கென்றே 'நார்மலைஸ்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. மற்ற இடங்களில் சேமிப்பதற்கு முன் நிரலிலேயே என்.எஃப்.சி. என்ற, ஓகாரம் போன்றவற்றை ஒரே குறியாக்கும் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். தேடும் சொல்லையும் மாற்ற வேண்டும். பலர் மறப்பது அதைத்தான்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. 'கௌரி'யை ககரம், எகரக் கொம்பு, ளகரம் என்று தட்டிக் 'கெளரி' ஆக்குகிறவர்கள் ஏராளம். சௌந்தரம், மௌலி எல்லாருக்கும் இதே கதி. அங்கே இருப்பது நிஜமான ளகரம் என்பதால் நார்மலைஸ் அதைத் தொடாது. மொத்தமாக மாற்றிவிடலாமே என்று கிளம்பினால் கெளுத்தி மீனும் சேர்ந்து கெட்டுப்போகும். சந்தேகமான பெயர்களைத் தனியாக எடுத்து, தமிழ் தெரிந்த ஒருவரை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் அது வேறு வியாதி. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் ஃபீல்டு யூனிகோடைச் சேமிக்கும் என்வார்கேர் (nvarchar) வகையாக இருக்கிறதா, மேற்கோளுக்கு முன்னால் 'என்' (N) போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

மார்ச் மாத விற்பனை ரிப்போர்ட்டில் ஏப்ரல் 1ஆம் தேதி பில்களும் வந்து நிற்கின்றன. முடிவு நேரம் 31ஆம் தேதி 23:59:59.999 என்றுதான் கொடுத்திருக்கிறோம். ஆடிட்டர் விடமாட்டேன் என்கிறார்.
(ஈரோடு வாசகர்)

ஆடிட்டர் சொல்வது நியாயம். எஸ்க்யூஎல் சர்வரின் பழைய 'டேட்டைம்' வகைக்கு ஒவ்வொரு மில்லி நொடியும் தெரியாது. கடைசி இலக்கம் 0, 3, 7 என்றுதான் நிற்கும். அதனால் .999 மேலே உருண்டு ஏப்ரல் 1, 00:00 ஆகிவிடுகிறது. நீங்கள் நேரமில்லாமல் தேதியை மட்டும் சேமிக்கிறீர்கள் போலிருக்கிறது. அன்றைய பில்கள் எல்லாமே நள்ளிரவுக் கணக்கில் உட்கார்ந்திருப்பதால் அத்தனையும் உள்ளே வந்துவிடும். இரண்டு எல்லைகளையும் சேர்த்துக்கொள்ளும் 'பிட்வீன்' (between) வேண்டாம். மார்ச் 1 அல்லது அதற்குப் பிறகு, ஏப்ரல் 1க்கு முன்பு என்று இரண்டு நிபந்தனையாக எழுதுங்கள். எந்த வகைக்கும் பொருந்தும்.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியை (SQL) 'சீக்வல்' என்பதா, 'எஸ்.க்யூ.எல்.' என்பதா? ஆபீஸில் தினமும் சண்டை.

ஐபிஎம்மில் சாம்பர்லினும் பாய்ஸும் 1974இல் வைத்த பெயர் சீக்வல்தான். வணிகப் பெயர் சிக்கலால் பிறகு சுருங்கியது. இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் எப்படிச் சொல்கிறாரோ, அப்படிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

புரொடக்‌ஷனில், அதாவது நிஜத் தரவு இருக்கும் டேட்டாபேஸில், அப்டேட் ஓட்டும்போது கை நடுங்குகிறது அண்ணா. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது.
(சென்னை வாசகி)

நடுங்கட்டும்மா. எனக்கு நடுங்காமல் போன ஒரு நாளில்தான் விபரீதம் நடந்தது. மூன்று வரி அப்டேட். மவுஸால் இழுத்ததில் மேல் இரண்டு வரி மட்டும் தேர்வாகி, எந்தப் பதிவுகளை மாற்றுவது என்று சொல்லும் 'வேர்' (where) வரி வெளியே நின்றுவிட்டது. தேர்வான வரிகளை மட்டும் ஓட்டும் எஃப்5 அழுத்தினேன். எல்லா வாடிக்கையாளரும் ஒரே நொடியில் மதுரைக்காரர்கள் ஆனார்கள். பேக்கப்பிலிருந்து ஊர்ப் பெயர்களைத் திரும்பக் கொண்டுவர ராத்திரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு என் வழக்கம் இது. முதலில் அதே 'வேர்' வரியோடு செலக்ட் (தரவை எடுத்துக் காட்ட மட்டும் செய்யும் கட்டளை) ஓட்டி எத்தனை ரோ (பதிவு) என்று காகிதத்தில் குறித்துக்கொள்வேன். பிறகு டிரான்சாக்‌ஷன் தொடங்கி அப்டேட். எண் ஒத்துப்போனால் கமிட் (மாற்றம் நிலைக்கும்), இல்லையென்றால் ரோல்பேக் (பழையபடி ஆகிவிடும்). நடுவில் டீ குடிக்கப் போகக் கூடாது, திறந்து கிடக்கும் டிரான்சாக்‌ஷன் மற்றவர்களைக் காக்க வைத்துவிடும். மைஎஸ்க்யூஎல் கிளையன்ட்டில் 'சேஃப் அப்டேட்ஸ்' என்று ஒரு வசதி உண்டு, கீ ஃபீல்டில் நிபந்தனையோ, இத்தனை ரோதான் என்ற லிமிட்டோ இல்லாத அப்டேட்டை அது ஓட்டவே விடாது. அதற்கு இன்னொரு பெயர் 'ஐ ஆம் எ டம்மி'. வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் பேக்கப் ஜாப் வெற்றி என்று பச்சையாகத்தான் காட்டுகிறது. அது போதாதா?

போதாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற, நிரல்களைச் சேமிக்கும் தளத்தில், தான் இருப்பது உபரி சர்வர் என்று நினைத்து ஒரு பொறியாளர் முதன்மை சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழித்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். வழக்கமான பேக்கப்பைத் தேடினால் எதுவும் இல்லை. டேட்டாபேஸ் (போஸ்ட்கிரஸ்) 9.6 பதிப்பு, டம்ப் (முழு நகல்) எடுத்த கருவி 9.2 பதிப்பு; இரண்டும் ஒத்துப்போகவில்லை. நாள்தோறும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக ஒருவர் கையால் எடுத்து வைத்த, அந்த நேரத்து நகலான ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

மாதம் ஒருமுறை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து, (எஸ்க்யூஎல் சர்வர் என்றால்) பழுது இருக்கிறதா என்று சோதிக்கும் செக்டிபி ஓட்டி, நேற்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதையும் எழுதி வையுங்கள். மேனேஜர் கேட்கப் போவது அந்த எண்ணைத்தான்.

டேட்டாபேஸ் மீட்டப்களுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பேச ஆசைதான், ஆங்கிலம் தடுக்கிறது.
(கோவை வாசகர்)

2007இல் ஆர்லாண்டோவில் தொடங்கிய 'எஸ்க்யூஎல் சாட்டர்டே' என்ற டேட்டாபேஸ் கூட்டங்களின் சனிக்கிழமைகளை நிரப்பியதே உங்களைப் போல வேலை பார்க்கிறவர்கள்தான். டேட்டாபேஸ்காரர்களின் பாஸ் (PASS) என்ற பெரிய அமைப்பு 2021 ஜனவரியில் மூடப்பட்டபோது எல்லாம் போச்சு என்றார்கள். சாட்டர்டே நிற்கவில்லை. ஆளும் அறையும் இருந்தால் கூட்டம் நடக்கும்.

பேசுவதற்குப் பத்து நிமிடம் மட்டும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் தீர்த்த ஒரே ஒரு மெதுவான குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி): முன்பு எவ்வளவு நேரம், எக்ஸிக்யூஷன் பிளானில் (டேட்டாபேஸ் அதை எப்படிச் செய்கிறது என்ற வரைபடத்தில்) எது உறுத்தியது, தேடலை வேகமாக்க எந்த இண்டெக்ஸ் போட்டீர்கள். பிளான் படம் திரையில் இருந்தால் இலக்கணத்தை யாரும் கவனிப்பதில்லை. நம் ஊர்க் கூட்டமென்றால் தமிழிலேயே பேசட்டுமா என்று நடத்துகிறவரிடம் கேட்டுப்பாருங்கள். ஒன்று மட்டும்: ஸ்க்ரீன்ஷாட்டில் வாடிக்கையாளர் பெயரோ சர்வர் பெயரோ தெரிகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். மேடையில் நின்று பெரிதாக்கிக் காட்டும்போதுதான் அது கண்ணில் படும்.