மங்க்ஸ்டவுன் கச்சேரிக்குத் தனியாகப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

ஜூனில் டப்ளினுக்கு வேலைக்கு வருகிறீர்கள். வீடு எப்படிப் பிடிப்பது, வங்கிக் கணக்கு எப்படித் திறப்பது, மங்க்ஸ்டவுன் பகுதியில் இருக்கும் குல்தூர்லன் என்ற கலை மையத்தில் கோடை முழுக்க ஐரிஷ் பாரம்பரியக் கச்சேரி நடக்கிறதாமே, நம் ஆள் தனியாகப் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு ஒரே வரிதான். நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். நான் அனுப்பி ஏமாந்தவன். வங்கி விஷயத்தை அலுவலகத்தில் கேளுங்கள்.

கச்சேரிக்குத் தாராளமாகப் போங்கள். ஐரிஷ் பாரம்பரிய இசையை வளர்க்க 1951இல் தொடங்கிய கோல்தஸ் அமைப்பின் தலைமையகம்தான் அந்தக் குல்தூர்லன். டார்ட் ரயிலில் சால்ட்ஹில் அண்ட் மங்க்ஸ்டவுனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். ஆனால் அரங்குக் கச்சேரி வேறு, பப்பில் வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து தங்களுக்காக வாசிக்கும் செஷன் வேறு. முதலில் அரங்குக்குப் போய்க் காதைப் பழக்கிக்கொள்ளுங்கள். நான் தலைகீழாகச் செய்து பட்டேன்.

2006 நவம்பர். நான் இருந்த அறையில் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் ஹீட்டர் போடுவார்கள். குளிர் தாங்காமல் தெருமுனை பப்புக்குள் நுழைந்தேன். மூலையில் நான்கைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வட்டத்திலேயே ஒரு நாற்காலி காலி. உட்காரலாமா என்று சைகையில் கேட்டேன். ஃபிடில்காரர் கொஞ்சம் தயங்கி, "யூ ஆர் கிராண்ட்" என்றார். என்னைப் புகழ்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்! "பரவாயில்லை, இருங்கள்" என்பதற்கு இந்த ஊரில் அப்படிச் சொல்வார்கள். பரவாயில்லை என்றால் நிஜமாகவே பரவாயில்லை என்று அர்த்தமும் இல்லை. அரை மணி கழித்து அக்கார்டியன் பெட்டியோடு ஓர் அம்மா வந்து என் பக்கத்தில் நின்றபோதுதான் விளங்கியது.

அதோடு விட்டேனா? சின்ன வயதில் நான்கு வருடம் மிருதங்கம் கற்றவன். அவர்கள் ஜிக் என்ற நடன மெட்டு வாசித்தார்கள். மும்மூன்றாக ஓடும், நம் திஸ்ர நடை மாதிரி. கை சும்மா இருக்குமா, மேசையில் தட்டினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் யாரும் சிரிக்கவும் இல்லை. போரானே ஒரு நேரத்தில் ஒருவர் வாசித்தால் போதும் என்று நினைக்கிற கூட்டம் அது. போரான் என்பது ஆட்டுத்தோல் பறை. இடது கையைத் தோலின் உள்பக்கம் அழுத்தி ஸ்ருதியை ஏற்றி இறக்குவார்கள். தோல் விறைத்தால் தண்ணீர் தடவுவார்கள், நம் கஞ்சிராக்காரர் போலவே.

அரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்து இலன் பைப் என்ற ஐரிஷ் பைக்குழலைக் கவனியுங்கள். வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கையால் துருத்தியை அமுக்கி, இடது கக்கத்துப் பையில் காற்றை நிரப்புவார்கள். மூச்சின் ஈரம் படாததால் சீவாளி காய்ந்தே இருக்கும். இதை வாசிக்கும் கலை 2017இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ராக ஆலாபனை, கல்பனாஸ்வரமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு மெட்டு என்றால் பெரும்பாலும் எட்டு எட்டு பாராக (பார் என்பது நம் தாள ஆவர்த்தனம் மாதிரி ஓர் அளவு) இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு முறை. அதையே இரண்டு மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது" என்று எழுந்து போன நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே மெட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு வேறு பிருகா விழும், அதற்குத்தான் காது வேண்டும்.

இன்னொரு ரகமும் உண்டு. நிகழ்ச்சி தொடங்கியதும் போனைத் தூக்கி வீடியோ எடுப்பார்கள், இடைவேளையில் கிளம்பிவிடுவார்கள். பதினைந்து வருடமாக இங்கே இருந்தும் பொங்கல் விழா, தீபாவளி விழா தவிர எங்கும் போகாதவர்கள்தான், "ஐரிஷ்காரன் நம்மைச் சேர்த்துக்க மாட்டான்" என்று உங்களிடம் முதலில் சொல்வார்கள். போய்ப் பார்த்தால்தானே!

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பக்கவாத்தியமே இல்லாமல், கண்ணை மூடி யாராவது ஷான் நோஸ் என்ற பழைய பாணி ஐரிஷ் பாட்டைப் பாடத் தொடங்கினால் சிப்ஸ் பாக்கெட்டைக்கூடத் தொடாதீர்கள். சில சமயம் பக்கத்தில் இருப்பவர் பாடகரின் கையைப் பிடித்து மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பார். முதல் தடவை அதைப் பார்த்த அன்று எனக்கு ஊரில் தாலாட்டுப் பாடும் ஆச்சி ஞாபகம் வந்து, வெளியே போய் நின்றேன்.

அந்தப் பப்புக்கு இன்றும் போகிறேன். அக்கார்டியன் அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டியிருக்கும். நான் கதவைத் திறந்ததும் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் தன் நாற்காலியைத்தான் பார்க்கிறார்.