ஆடாத ஸ்டாண்டு எது? ட்ரைபாட் கேள்வி-பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் கேமரா ஸ்டாண்டு குறித்துக் கேட்டவற்றுக்கு இந்த முறை பதில். விலைகள் தோராயமானவை, கடைக்குக் கடை மாறும்.

கேள்வி: பறவைப் படங்களுக்காக 150-600 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறேன். கேமராவும் லென்ஸும் சேர்ந்து 2.7 கிலோ. 1,900 ரூபாய்க்கு வாங்கிய ஸ்டாண்டின் அட்டையில் ‘5 கிலோ தாங்கும்’ என்று போட்டிருக்கிறது. ஆனால் ஒரு படமும் தெளிவாக வரவில்லை. ஏமாந்துவிட்டேனா? (பென்னாகரம்)

தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. அட்டையில் உள்ள 5 கிலோவுக்கு, அவ்வளவு எடை வைத்தால் கால் மடங்கி விழாது என்று மட்டுமே அர்த்தம். அதை அளக்க எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான முறை கிடையாது. அவரவர் சொல்லிக்கொள்ளும் எண் அது. அதை நம்பித்தான் வாங்கவேண்டும் என்றால், உங்கள் கருவியின் எடையைப் போல மூன்று மடங்கு போட்டிருப்பதைப் பாருங்கள். ஆனால் அந்த எண்ணைவிட நம்பகமானது காலின் தடிமன்.

600 மி.மீ.யில் ஏன் இவ்வளவு ஆட்டம் தெரிகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 25 செ.மீ. நீளமுள்ள லென்ஸின் முன்நுனி ஒரு தலைமுடியின் தடிமன், அதாவது சுமார் 0.07 மி.மீ. அசைகிறது என்று வையுங்கள். முழு அளவு சென்சாருள்ள 24 மெகாபிக்சல் கேமராவில் படம் ஏறக்குறைய 28 பிக்சல் நகர்ந்துவிடும். கண்ணில்கூடப் படாத அசைவு, படத்தில் பறவையின் கண்ணையே அழித்துவிடுகிறது. சின்ன சென்சார் கேமராவில் பிக்சல்கள் இன்னும் நெருக்கம் என்பதால் நிலைமை இன்னும் மோசம்.

ஆகவே வாங்கும்போது பார்க்கவேண்டியது இது. மேல் காலின் குழாய் விட்டம்: சாதாரண லென்ஸுக்கு 25 மி.மீ., 70-200 போன்றவற்றுக்கு 28, உங்களுடையதற்கு 32. மூன்று அல்லது நான்கு துண்டுக் கால் போதும். ஐந்து துண்டு என்றால் பைக்குள் அடங்கும், ஆனால் கடைசித் துண்டு குச்சியாகிவிடும். கால்களுக்கு நடுவே ஏறி இறங்கும் நடுத்தண்டை ஏற்றாமலே கேமரா உங்கள் கண் உயரத்துக்கு அருகே வரவேண்டும். நடுத்தண்டை ஏற்றினால், மூன்று கால் ஸ்டாண்டின் தலையில் ஒற்றைக்கால் ஸ்டாண்டை நட்ட கதைதான். கால்கள் சேரும் கழுத்துப் பகுதி உலோகமாக இருக்கட்டும். விலை குறைந்தவற்றில் அது பிளாஸ்டிக், முதலில் விரிசல் விடுவதும் அதுவே.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவையும் லென்ஸையும் எடுத்துப் போங்கள். கால்களை முழுதாக நீட்டிப் பொருத்தி, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் காட்சி தெரியும் முறை) 10 மடங்கு பெரிதாக்கி, கடையின் மறுகோடியில் உள்ள ஏதாவது எழுத்தைப் பிடியுங்கள். முன்காலை விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டுங்கள். எழுத்து ஒரு நொடிக்குள் நின்றால் நல்லது. மூன்று நொடி ஊசலாடினால் வேண்டாம். அடுத்து, ஸ்டாண்டின் தலையை, அதாவது கேமரா உட்காரும் மேல்பகுதியைப் பிடித்து இடவலமாகத் திருகிப் பாருங்கள், துணி பிழிவது போல. கழுத்து மூட்டில் தளர்ச்சி இருந்தால் கையில் தெரியும். கடைசியாக ஒவ்வொரு காலையும் உள்ளங்கையால் அழுத்துங்கள், பூட்டு நழுவக்கூடாது. ஐந்து நிமிட வேலை. இதற்குச் சம்மதிக்காத கடையில் இதை வாங்கவேண்டியதில்லை.

கையில் இருக்கும் ஸ்டாண்டை எறிய வேண்டாம். மேல்துண்டை மட்டும் நீட்டி, உட்கார்ந்தபடி எடுங்கள். கேமராவின் அடியில் அல்ல, லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தின் பாதத்தில் பொருத்துங்கள். கேமராவில் பொருத்தினால் முன்பாரம் தலையைக் கவிழ்க்கும். ஷட்டரை 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். பாறையிலோ கார் ஜன்னலிலோ வைத்து எடுப்பதானால், 2 கிலோ ராகியை முக்கால் பங்கு நிரப்பித் தைத்த துணிப்பை போதும். ராகி சின்ன மணி, லென்ஸின் வளைவுக்கு அப்படியே படிந்துகொடுக்கும். உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்!

கேள்வி: அலுமினியமா, கார்பனா? (ஓசூர்)

நடந்து ஏறுபவருக்குக் கார்பன், வண்டியிலிருந்து இறங்கிப் படமெடுப்பவருக்கு அலுமினியம். ஒரே தடிமனில் கார்பன் கால்பங்கு அளவு எடை குறையும், அதிர்வும் சீக்கிரம் அடங்கும். விலை இரண்டு மடங்குக்கு மேல். கீழே போட்டால் அலுமினியம் நசுங்கும், கார்பன் கீறல் விட்டுப் பிறகு ஒருநாள் முறியும். 7,000 ரூபாய் கையில் இருந்தால், அந்த விலைக்குள் மெலிந்த கார்பன் தேடுவதைவிடத் தடித்த அலுமினியம் வாங்குவது எங்கள் தேர்வு. இராயக்கோட்டைக் கோட்டைக்கு வாரம் ஒருமுறை ஏறுபவர் நீங்கள் என்றால் காசு சேர்த்துக் கார்பனுக்குப் போங்கள்.

கேள்வி: ஒகேனக்கல் அருவியில் தண்ணீர் பட்டுத்துணி போல வழியும்படி எடுக்க ஆசை. ஸ்டாண்டு வைத்தும் பாறை கலங்கலாகவே வருகிறது. வந்தபிறகு கால் திருகுப்பூட்டுகளில் மணல் நறநறக்கிறது. (பாலக்கோடு)

எங்கே நிறுத்தினீர்கள் என்பதுதான் முதல் சந்தேகம். தொங்குபாலத்தில் என்றால் எந்த ஸ்டாண்டும் உதவாது. ஒருவர் நடந்தாலே பாலம் ஆடும், ஸ்டாண்டும் அதோடு ஆடும். ஓடும் தண்ணீருக்குள் கால் வைத்தாலும் அதே கதை, நீரோட்டம் குழாயைச் சுற்றிச் சுழன்று நடுங்க வைக்கும். காய்ந்த பாறையில், வெடிப்புகளில் பாதத்தைப் பதித்து நிறுத்துங்கள். சரிவாக இருந்தால் இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். பாசி படிந்த பாறையில் ரப்பர் பாதம் வழுக்கும். திருகினால் கூர்முனை வெளிவரும் பாதமுள்ள ஸ்டாண்டு என்றால் அங்கே அதைப் பயன்படுத்துங்கள்.

பையைக் கொக்கியில் தொங்கவிடுவது பலருக்குப் பழக்கம். காற்றில் பை ஊசலாடினால் அதுவே ஆட்டத்துக்குக் காரணம். பையின் அடி தரையை லேசாகத் தொடும்படி கயிற்றை நீட்டிக் கட்டுங்கள். கேமராவின் தோள்வாரைக் கழற்றிவிடுங்கள், அது காற்றில் படபடக்கும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். இல்லாத ஆட்டத்தைத் தேடித் தானே ஆட்டுவிக்கும் பழைய லென்ஸ்கள் உண்டு. பொத்தானை விரலால் அழுத்தாமல் 2 நொடி டைமர் வையுங்கள். கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் என்றால் லைவ் வியூவிலிருந்தே எடுங்கள், கண்ணாடி அடிக்கும் அதிர்ச்சி இருக்காது.

நேரக் கணக்கு: ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப்/11-இல் கேமராவின் ஒளிமீட்டர் 1/60 நொடி காட்டுகிறது என்றால், 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் கருங்கண்ணாடி) போட்டால் ஏறக்குறைய 1 நொடி. கால் நொடியிலிருந்து 1 நொடிக்குள் நீரின் இழைகள் தனித்தனியாகத் தெரியும். 10 நொடி வைத்தால் இழை போய் வெறும் புகைதான் மிஞ்சும். ஆடிப்பெருக்குச் சமயத்தில் செந்நிற வெள்ளத்தை அப்படி எடுத்தால் டீக்கடைப் பாத்திரம் பொங்கியது போலிருக்கும். சாரல் லென்ஸில் படியும், ஒவ்வொரு படத்துக்கும் முன் துடையுங்கள். பாதிக் ‘கலங்கல்’ அந்தத் துளிகள்தான். நீர்வரத்து கூடி அருவிப் பக்கம் தடை போட்டிருந்தால் ஸ்டாண்டைப் பிரிக்காமலே திரும்புங்கள்.

மணலுக்கு வருவோம். காய்ந்த தரையில் தடித்த துண்டுகளை முதலில் நீட்டுவது சரி. மணலிலும் நீரோரத்திலும் நேர்மாறு: கடைசி மெல்லிய துண்டை முழுதாக இழுத்துவிடுங்கள். பூட்டு மேலே நிற்கும், மணல் அதற்குள் போகாது.

மணல் உள்ளே போய்விட்டது என்றால், ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் கழற்றுங்கள். மூன்றையும் பிரித்தால் எது எதற்கு என்று தெரியாது. பூட்டு வளையத்தை முழுதாகத் திருகி, கீழ்க்குழாயை உருவுங்கள். அதன் மேல்முனையில் பிறைபோல இரண்டு பிளாஸ்டிக் சில்லுகள் இருக்கும். ஒவ்வொன்றின் உட்புறமும் ஒரு குமிழ், அது குழாயின் துளையில் உட்காரும். எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டு எடுங்கள். எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவி நிழலில் காயவையுங்கள். மரை உள்ள இடத்தில் மட்டும் பூசினாற்போல் கிரீஸ். சில்லிலோ குழாயிலோ கிரீஸ் பட்டால் பாரம் ஏறியதும் கால் வழுக்கி இறங்கும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம். இரண்டே வாரத்தில் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

கேள்வி: எங்கள் பகுதி நடுகற்களைப் படமெடுத்து ஆவணப்படுத்தி வருகிறோம். எழுத்துகள் படத்தில் தெரிவதில்லை. கல் தரையோடு இருப்பதால் ஸ்டாண்டும் இறங்குவதில்லை. (அரூர்)

நீங்கள் வாங்கவேண்டியது, கால்களின் கோணத்தைத் தனித்தனியே அகட்டக்கூடியதும் நடுத்தண்டைக் கழற்றக்கூடியதுமான ஸ்டாண்டு. நடுத்தண்டு நீளமாக இருந்தால் கால்களை எவ்வளவு அகட்டினாலும் தண்டு தரையில் இடித்து நிற்கும். தண்டைத் தலைகீழாகப் பொருத்திக் கேமராவைத் தொங்கவிடலாம் என்பார்கள். முடியும், ஆனால் எல்லாப் பொத்தானும் தலைகீழாகிவிடும், பொறுமை வேண்டும்.

எழுத்து தெரியாததற்குக் காரணம் ஸ்டாண்டு அல்ல, வெளிச்சம். நேரே விழும் ஒளியில் தேய்ந்த எழுத்து மறைந்துவிடும். கல்லின் பரப்புக்கு 10-15 டிகிரிச் சாய்வில், பக்கவாட்டிலிருந்து ஒளி விழவேண்டும். காலை வெயில் அப்படி விழும் கற்கள் சில. மற்றவற்றுக்குக் குடையால் வெயிலை மறைத்துவிட்டு, ஒருவர் டார்ச் விளக்கைப் பக்கத்திலிருந்து பிடிக்கட்டும். கேமராவை நகர்த்தாமல் இடம், வலம், மேல், கீழ் என்று திசை மாற்றி நான்கு படம். ஒன்றில் மறைந்த எழுத்து இன்னொன்றில் எழும்பும். இதற்குத்தான் உங்களுக்கு உறுதியான ஸ்டாண்டு தேவை. கேமராவின் முதுகு கல்லுக்கு இணையாக இருக்கட்டும், எஃப்/8, ஐஎஸ்ஓ 100, பக்கத்தில் ஓர் அளவுகோல். சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தடவாதீர்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமானால் ஸ்டாண்டு நிறுத்த முன் அனுமதி வாங்கவேண்டும், காப்புக்காடு என்றால் வனத்துறையிடம்.

கேள்வி: கேமராவை நெட்டுவாக்கில் சாய்த்தால் மெல்லச் சுழன்று தலைகுனிகிறது. (ஊத்தங்கரை)

அடித்தகட்டின், அதாவது கேமராவின் அடியில் திருகித் தலையில் பொருத்தும் தகட்டின் திருகு தளர்ந்திருக்கிறது. கையால் முறுக்கினால் போதாது, நாணயம் அல்லது ஆலன் கீ கொண்டு இறுக்குங்கள். தகட்டின் ரப்பரும் கேமரா அடியும் எண்ணெய்ப் பசையில்லாமல் இருக்கட்டும். அப்படியும் சுழன்றால் ‘எல்’ வடிவத் தகடு போடுங்கள், கேமராவைச் சாய்க்காமலே நெட்டுவாக்கில் பொருத்தலாம். தகடு வாங்கும்போது ஆர்க்கா-ஸ்விஸ் வகையா என்று கேளுங்கள். பல கம்பெனிகளின் தலைகளில் அதுதான் பொருந்தும். கேமராவின் அடித்திருகு 1/4 அங்குலம், ஸ்டாண்டுக்கும் தலைக்கும் இடையில் பெரும்பாலும் 3/8. ஆகவே கால் நன்றாக இருந்து தலை மட்டும் சரியில்லை என்றால் தலையை மட்டும் மாற்றலாம்.

கேள்வி: கல்யாணப் படங்கள் எடுத்துப் பிழைக்கிறேன். பெங்களூரில் 8,500 ரூபாய்க்கு வாங்கிய ஸ்டாண்டின் கால்பூட்டு 12-ஆம் நாள் உடைந்தது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி மறுக்கிறார்கள். (தேன்கனிக்கோட்டை)

அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. நீங்கள் தொழிலுக்கு வாங்கினீர்கள், அதனால் நுகர்வோர் அல்ல என்று கடைக்காரர் வாதிடக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்துபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான்.

உடைந்த பூட்டைப் பல கோணங்களில் படமெடுங்கள். ஃபெவிகுவிக் போட்டு ஒட்டாதீர்கள், பிறகு குறை யாருடையது என்ற பேச்சு வரும். கீழே விழுந்த சிராய்ப்பு இல்லை என்பதும் படத்தில் தெரியட்டும், விழுந்து உடைந்ததானால் கேட்கமுடியாது. பில் எண், தேதி, குறை, நீங்கள் கேட்பது மாற்றா பணமா என்பதை எழுதி, 15 நாள் கெடு கொடுத்துப் ஸ்பீட் போஸ்ட்டிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். இதற்கிடையே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போடவேண்டும்.

கேள்வி: ஸ்டூடியோக்காரர் ஒருவர் பழைய வீடியோ ஸ்டாண்டு தருகிறார். போட்டோவுக்கு ஆகுமா? (காவேரிப்பட்டணம்)

கால்கள் நன்றாக இருந்தால் தாராளமாக. எடை 5 கிலோவைத் தாண்டும், மலையேற ஆகாது. ஆனால் அந்த விலைக்கு அவ்வளவு உறுதி புதிதில் கிடைக்காது. வீடியோ தலையைப் பக்கவாட்டில் சாய்க்கமுடியாது, நெட்டுவாக்குப் படத்துக்கு ‘எல்’ தகடு வேண்டியிருக்கும். வாங்கும் முன் தலையை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் சிக்கி, பிறகு துள்ளினால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. அடித்தகடு கூடவே வருகிறதா என்று மறக்காமல் கேளுங்கள். பழைய மாடலுக்குத் தகடு தனியாகத் தேடி அலைவது பெரும் பாடு.